கன்வெர்ட்டரைக் கழற்றினால் கார் மலையேறுமா?

கேள்வி: 2015-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் வைத்திருக்கிறேன். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை நிமித்தமாக மாதம் நான்கைந்து முறை வால்பாறைக்குப் போய் வருவேன். மற்ற ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 1,000 கிலோமீட்டர் ஆகும். ஓராண்டாக மலைப்பாதையில் வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரிலும் திணறுகிறது. மாதம் அரை லிட்டர் எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு சில நாள் எரிகிறது, பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது. புகையின் நச்சை அகற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்தால் 15 குதிரைசக்தி கூடும், கூலி வேண்டாம், பழைய கன்வெர்ட்டரைக் கொடுத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். டர்போ கார் வைத்திருக்கும் என் நண்பரும் கழற்றிப் பலன் கண்டதாகச் சொல்கிறார். கழற்றலாமா?
- பொள்ளாச்சி வாசகர்

பதில்:

கழற்ற வேண்டாம். சட்டம், புகை ஆகிய காரணங்களைப் பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் எதிர்பார்க்கும் பலனே இதில் கிடைக்காது என்பதைக் கணக்கோடு காட்டிவிடுகிறேன். அதற்கும் மேலாக, நீங்கள் கேட்ட கேள்வியைவிட, போகிற போக்கில் எழுதியிருக்கும் ஆயில் கணக்கும் விளக்கு எரிந்து அணைவதும்தான் என் கவனத்தை இழுக்கின்றன. உங்கள் வண்டியின் நோய் அங்கே இருக்கிறது.

உங்கள் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகையை வெளியேற்றும். இந்த அளவுள்ள எஞ்சின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 84 குதிரைசக்தி அளவுக்குத் தருகின்றன. அந்தச் சுற்றில் வினாடிக்கு 50 முறை தன் முழுக் கொள்ளளவையும் அது வெளியே தள்ளுகிறது. அதாவது பிஸ்டன்கள் வினாடிக்குச் சுமார் 60 லிட்டர் இடத்தைக் காலி செய்கின்றன. நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் அந்த ஓட்டத்துக்கு வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு தடையாக இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்தத் தடைக்கு எதிராகப் புகையைத் தள்ளுவதற்கு எஞ்சின் செலவிடும் திறன் 600 வாட், அதாவது முக்கால் குதிரைசக்திக்குச் சற்றே அதிகம். தடை குறைந்தால் சிலிண்டரில் தங்கும் பழைய புகை குறைந்து புதுக்காற்று கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மொத்தப் பலனை இரண்டு குதிரைசக்தி என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெக்கானிக் சொல்லும் 15 குதிரைசக்தியை அந்தத் தள்ளுவேலை ஒன்றே தின்ன வேண்டுமானால், கன்வெர்ட்டர் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு தடையாக நிற்க வேண்டும். அப்படி அடைத்துக்கொண்ட வண்டி உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே கடினம்.

அந்த இரண்டு குதிரைசக்தியும் 6,000 சுற்றில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கும்போது மட்டுமே கிடைக்கும். தடை, ஓட்டத்தின் வேகத்தோடு ஏறத்தாழ இருமடிப் பெருக்கமாக ஏறுவது. ஓட்டம் பாதியானால் தடை கால் பங்காகும், அதில் வீணாகும் திறன் எட்டில் ஒரு பங்காகும். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,500 சுற்றுக்குள்தான் ஓட்டுவீர்கள். அங்கே கன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வது கால் குதிரைசக்திகூட இருக்காது. உச்சச் சுற்றிலேயே ஓட்டுவதாக வைத்துக்கொண்டாலும், 84-இல் இரண்டு என்பது நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள காரில் அதே பலனை அடைய, டிக்கியிலிருந்து ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தால் போதும். வால்பாறை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. பொள்ளாச்சியைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு என்பதால், டர்போ இல்லாத உங்கள் எஞ்சின் மேலே போகப் போக ஐந்தாறு குதிரைசக்தியை இழக்கிறது. ஏசியின் கம்ப்ரஸர் தனியாக இரண்டு, மூன்று எடுத்துக்கொள்ளும். ஆனால் இவையெல்லாம் வண்டி புதிதாக இருந்தபோதும் இருந்தவைதானே? அப்போது ஏறிய வண்டி இப்போது ஏறவில்லை என்றால், இந்த ஓராண்டில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

இங்கே மெக்கானிக்கின் பேச்சில் உள்ள பாதி உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் கன்வெர்ட்டர் உண்மையிலேயே அடைத்திருக்கக்கூடும். அப்படியானால் அதைக் கழற்றியதும் வண்டி பாய்ந்து போகும். நீங்களும் அவருக்கு நன்றி சொல்வீர்கள். ஆனால் அந்தப் பலன், அடைத்த கன்வெர்ட்டருக்கும் திறந்த குழாய்க்கும் உள்ள வேறுபாடு. நல்ல கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டியிருந்தாலும் ஏறத்தாழ முழுப் பலனும் கிடைத்திருக்கும். கழற்றியதும் வண்டி பறக்கிறது என்று சொல்லப்படும் அனுபவக் கதைகளில் பெரும்பாலானவை இவ்வகைதான் என்பது என் எண்ணம். மீதிக்கு ஓசை காரணம். சைலன்சர் சத்தம் கூடியதும் வண்டி வேகமாகப் போவதுபோல் நம் காது நம்மை நம்ப வைத்துவிடும்.

நண்பரின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய வண்டி வேறு, உங்களுடையது வேறு. டர்போ காரில், புகையின் விசையால் சுழன்று காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ள உதவும் டர்பைனுக்குப் பின்னால் இருக்கும் தடை, டர்பைனுக்கு முன்னால் பெருகிய அளவில் திரும்பி வருகிறது. அந்தத் தடையைக் குறைத்தால் டர்போ விரைவாகச் சுழலத் தொடங்கும், பூஸ்ட் அழுத்தத்தை (உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை) உயர்த்தவும் இடம் கிடைக்கும். அதோடு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் மென்பொருளையும் மாற்றி எழுதியிருப்பார்கள். பலனில் பெரும்பங்கு அந்த மாற்றத்துக்கு உரியது, குழாய்க்கு அல்ல. செட்டிபாளையம் பந்தயப் பாதையில் ஓடும் கார்களை யாரேனும் உதாரணம் காட்டினால் அதற்கும் இதே பதில்தான்: பந்தய எஞ்சினில் எக்ஸாஸ்ட், கேம்ஷாஃப்ட், எரிபொருள் அளவு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைக்கப்பட்டிருக்கும், அந்த வண்டி டிரெய்லரில் வந்து டிரெய்லரில் வீடு திரும்பும்.

கன்வெர்ட்டர் என்றாலே எஞ்சினின் தொண்டையை அடைக்கும் பொருள் என்ற எண்ணம் நம் பழைய மெக்கானிக்குகளிடம் ஊறிப்போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. அன்று பெரும்பாலான கார்கள் கார்புரேட்டரில் ஓடியவை. காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் கண்காணித்துத் திருத்தும் சென்சார் அவற்றில் இல்லை. ஈயமில்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊரில் வாங்கிய வண்டியை வெளியூருக்கு எடுத்துச் சென்று ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றினால், ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் செத்துப்போன கன்வெர்ட்டர்கள் பட்டறைக்கு வந்தன, கழற்றியதும் வண்டிகள் ஓடின. நானும் அன்று கழற்றியவன்தான். அதைச் சரியென்றே நம்பினேன். இன்றைய வண்டியில் எஞ்சினும் கன்வெர்ட்டரும் ஒன்றையொன்று கவனித்துக்கொள்ளும் ஒரே அமைப்பாகிவிட்டன. அந்தக் காலத்துப் பழக்கத்தை இதற்குப் பொருத்தக் கூடாது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் உங்கள் செக் எஞ்சின் விளக்கின் பேச்சும் புரியும். கன்வெர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 400 நுண்குழல்கள். அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை மிக மெல்லிய பூச்சாக இருக்கும். சுமார் 300 டிகிரி சூடேறியதும் இது வேலையைத் தொடங்கி, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்து முடிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்குகிறது. சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் இந்த நச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அகற்றிவிடும். ஆனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டிக் கலவை இருந்தால்தான் மூன்று வேலையையும் ஒருசேரச் செய்யும். அந்த விகிதத்தைப் பிடித்து வைப்பது முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார். பின்னால் உள்ள இரண்டாவது சென்சார், கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்கிறது. கன்வெர்ட்டர் நலமாக இருந்தால் பின் சென்சாரின் அளவு அமைதியாக இருக்கும். கெட்டுவிட்டால் அது முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கும். இசியு அதைக் கண்டுபிடித்து பி0420 என்ற குறைக் குறியீட்டை (கோடு) பதிவு செய்து விளக்கை எரிய விடும். அடுத்தடுத்த சில ஓட்டங்களில் குறை தென்படாவிட்டால் விளக்கு அணையும்; ஆனால் கோடு நினைவகத்தில் கிடக்கும். ஆகவே விளக்கு அணைந்ததால் குறை நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். சிலிண்டரில் தீப்பொறி தவறும்போதும் இதே விளக்குதான் எரியும். அதற்கான கோடுகள் பி0300 முதல் தொடங்கும். எந்தக் கோடு பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கன்வெர்ட்டரின் மேல் கை வைப்பது, நாடி பார்க்காமல் அறுவைக்குப் படுக்க வைப்பதற்குச் சமம்.

கழற்றிவிட்டால் அந்த விளக்கு நிரந்தரமாக எரியத் தொடங்கும். அதை மறைக்கப் பின் சென்சாரை ஏமாற்றும் சில்லறை வேலைகள் பட்டறைகளில் நடக்கின்றன. அதன்பின் எஞ்சினில் உண்மையான கோளாறு வந்தாலும் உங்களுக்குச் சொல்ல ஆளிருக்காது. இப்போதைய கார்கள் பலவற்றில் கன்வெர்ட்டர் எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே இருப்பதால், முன் சென்சார் இருக்கும் இடமும் சேர்ந்து கலைந்துபோகும் அபாயம் உண்டு. வெல்டிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே கலந்து சென்சார் தவறாகப் படிக்கும், பெட்ரோல் செலவு கூடும். கூட்டை மட்டும் விட்டுவைத்து உள்ளிருக்கும் பீங்கானைக் கம்பியால் குத்தி எடுக்கும் வேலை இன்னும் மோசம். வெற்றுக் கூட்டுக்குள் புகை சுழன்று தேங்குமே தவிர நேராக ஓடாது. அந்தத் தூளை முகமூடி இல்லாமல் சுவாசிக்கும் பட்டறைப் பையன்களை நினைத்தும் எனக்கு வருத்தம் உண்டு.

புகைச் சோதனையில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4) என்ற புகைத் தரத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு, ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடில் ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும், எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது. 2,500 சுற்றை ஒட்டிச் சோதிக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டர் இல்லாமல், அதுவும் ஆயில் எரிக்கும் எஞ்சினோடு, இதில் நேர்மையாகத் தேறுவது அரிது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு விதியை மீறினால் 190-ஆம் பிரிவின் கீழ் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடை என்று போகும். சாலையில் நிறுத்திக் கீழே குனிந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பீர்கள், பெரும்பாலும் பார்ப்பதில்லைதான். ஆனால் விபத்து ஒன்று நேர்ந்து காப்பீட்டு சர்வேயர் வண்டியைத் தூக்கிப் பார்க்கும் நாளில் அது பேச்சுக்கு வரும்.

கூலி வேண்டாம் என்ற தாராளத்துக்கும் காரணம் உண்டு. நான் மேலே சொன்ன மூன்று உலோகங்களையும் பிரித்தெடுப்பதற்காகப் பழைய கன்வெர்ட்டர்களைத் தேடி வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். 2021-இல் ரோடியம் ஓர் அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டி விற்றது. இன்று அந்த விலை இல்லாவிட்டாலும் அந்தக் கூடு இன்னும் காசுதான். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. இந்த ஆலோசனையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நோயைப் பார்ப்போம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைவது உங்கள் வகை எஞ்சினுக்கு மிக அதிகம். வெளியே ஒழுகவில்லை என்றால் அது உள்ளே எரிகிறது என்று பொருள். ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கப்படும் பாஸ்பரஸும் துத்தநாகமும் எரிந்து சாம்பலாகிக் கன்வெர்ட்டரின் நுண்குழல்களில் படிகின்றன. பூச்சு முதலில் வேலை செய்யாமல் போகும், பிறகு வழியே அடையும். அப்படியானால் கன்வெர்ட்டரைக் கழற்றினாலும் ஆயில் எரிந்துகொண்டேதான் இருக்கும். புதியதை மாட்டினாலும் ஓரிரு ஆண்டில் அதுவும் அடையும். எனவே ஆயில் எங்கே போகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு உங்கள் மலைப்பாதையே நல்ல சோதனைக்கூடம். வால்பாறையிலிருந்து அட்டகட்டி வழியாக இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாவது கியரில் எஞ்சின் பிரேக்கில் வாருங்கள். பின்னால் ஒரு நண்பரைத் தொடர்ந்து வரச் சொல்லுங்கள். இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும் கணத்தில் நீலப் புகை குப்பென்று வந்து அடங்கினால், வால்வு சீல்கள் கெட்டியாகி ஆயிலை உள்ளே விடுகின்றன என்று பெரும்பாலும் சொல்லலாம். இறக்கத்தில் சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் அவற்றின் வழியே ஆயிலை உறிஞ்சியிருக்கும். மாறாக, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதெல்லாம் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் முன்பாக, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சிக்கிக்கொண்டாலும் ஆயில் இப்படிப் போகும், சரிசெய்யும் செலவோ மிகச் சிறியது. பிறகு நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவையும்) அளக்க வேண்டும். குறைவாக உள்ள சிலிண்டரில் சில துளி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு என்று பிரித்தறியலாம்.

கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்பதையும் ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை 2,500 சுற்றில் ஓடவிட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அழுத்தம் 3 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு) மேல் காட்டினால் வழி அடைத்திருக்கிறது. அதற்குள் இருந்தால் வண்டி திணறுவதற்குக் காரணம் வேறு. ஏற்றத்தில் எஞ்சினின் சுற்று மட்டும் ஏறி வண்டியின் வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் வழுக்குவது. 92,000 கிலோமீட்டரில், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடிய வண்டியில், அது வியப்பல்ல. கூடவே ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவற்றில் பிளக்கும் காயிலும் முக்கியம். தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். ஓட்டும்போது செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

அடைப்பு உறுதியானால், ஆயில் கோளாறைச் சரிசெய்த பிறகு, உங்கள் மாடலுக்கான அசல் கன்வெர்ட்டரையே போடுங்கள். விலை உறுத்தும், ஆனால் பாதி விலையில் வெளியே கிடைப்பவற்றில் பூச்சு மெலிதாக இருப்பதால் பலவற்றில் பி0420 சில மாதங்களில் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். பந்தயப் பிரியர்களுக்கென விற்கப்படும், சதுர அங்குலத்துக்கு 200 குழல் மட்டுமே உள்ள உலோகக் கன்வெர்ட்டரும் உங்களுக்குத் தேவையில்லை. தட்டிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று ஓசை கேட்குமானால் பீங்கான் உடைந்திருக்கிறது. எஞ்சினை ஒட்டியிருக்கும் கன்வெர்ட்டரில் அந்தத் தூள் சிலிண்டருக்குள் திரும்பிப் போகவும் கூடும் என்பதால், அந்த நிலையில் மட்டும் தாமதிக்க வேண்டாம்.

ஸ்கேனரில் கிடைத்த கோடு, நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அளவு, 2,500 சுற்றில் அழுத்தமானி காட்டியது, நீலப் புகை இறக்கத்துக்குப் பிறகு வந்ததா ஏற்றத்தில் வந்ததா என்ற குறிப்பு ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். சிலிண்டர் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதுமா, எஞ்சினையே இறக்க வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.